ஆன்டிவைரஸ் போட்டதுல இருந்து நெட் வரல, அதை தூக்கியும் வரல

ஈரோட்டுக்காரன்:
ஒரு ஹெல்ப் வேணும்ங்க. தங்கச்சி லேப்டாப், விண்டோஸ் 11. நேத்து சாயங்காலம் காசு குடுத்து வாங்குன ஆன்டிவைரஸ் ஒண்ணு போட்டோம், பேர் எதுக்கு விடுங்க. ரீஸ்டார்ட் கேட்டுச்சு, பண்ணோம், அதுல இருந்து வைஃபை கனெக்டட்னு தான் காட்டுது ஆனா குரோம்ல ஒரு பேஜ் திறக்க மாட்டேங்குது, அதே வைஃபைல என் போன்ல யூடியூப் ஜம்முனு ஓடுது. சரி சனியன் போகட்டும்னு அன்இன்ஸ்டால் பண்ணேன், அப்பவும் அதே கதை தான். போன் ஹாட்ஸ்பாட் போட்டும் பாத்தாச்சு. நாளைக்கு அவளுக்கு ஆன்லைன் டெஸ்ட் வேற, வீட்ல ஒரே சத்தம்.

மின்னல்_வேகம்:
ஃபார்மட் அடிச்சு விடுங்க ப்ரோ, ஒரு மணி நேர வேலை.

கேபிள்_மாமா:
எதுக்கெடுத்தாலும் ஃபார்மட்டா, அந்த பொண்ணு நோட்ஸ் எல்லாம் உள்ள இருக்கும்யா. தம்பி, கமாண்ட் பிராம்ப்ட் திறந்து பிங் போட்டு ஒரு ஸ்பேஸ் விட்டு 8.8.8.8 அடிங்க, அது கூகுள் சர்வர் நம்பர். ரிப்ளை வந்தா நெட் வருதுன்னு அர்த்தம், டிஎன்எஸ்ஸோ (சைட் பேர ஐபி நம்பரா மாத்திக் குடுக்குறது) பிரவுசரோ தான் சொதப்புது. ஜெனரல் ஃபெயிலியர்னு வந்தா பாக்கெட் உங்க லேப்டாப்ப விட்டே வெளிய போகல. ஐபிகான்ஃபிக்கும் அடிச்சு பாருங்க, அட்ரஸ் 169.254னு ஆரம்பிச்சா ரவுட்டர் கிட்ட இருந்து ஐபியே வாங்கலன்னு அர்த்தம்.

ஈரோட்டுக்காரன்:
நாலு வரியும் ஜெனரல் ஃபெயிலியர் தாண்ணா. ஐபி 192.168ல தான் இருக்கு. இன்னொண்ணு, லேப்டாப் வாங்குறப்பவே வேற ஒரு ஆன்டிவைரஸ் ட்ரையல் இருந்துச்சு, அது எக்ஸ்பயரி ஆகி இன்னும் உள்ள தான் கெடக்கு. அதனால இருக்குமோ?

கேபிள்_மாமா:
அதே தான். வெளில இருந்து ஒரு ஆன்டிவைரஸ் வந்தா விண்டோஸ் டிஃபெண்டர் தானா ஒதுங்கிக்கும், ஆனா ரெண்டு வெளி ஆன்டிவைரஸ் ஒண்ணுக்கொண்ணு வழி விடாது. இதுங்க போற வர ட்ராஃபிக்க பாக்கணும்னு நெட்வொர்க் கார்டு மேல ஃபில்டர் டிரைவர்னு ஒண்ண மாட்டி வைக்கும், அன்இன்ஸ்டால் பண்ணா புரோகிராம் போயிடும், சில சமயம் அந்த ஃபில்டர் மட்டும் அங்கயே உக்காந்திருக்கும். எல்லா அடாப்டர்லயும் ஒட்டிக்கும், ஹாட்ஸ்பாட் மாத்தியும் வராததுக்கு அதான் காரணமா இருக்கும்.

விண்டோஸ் பட்டனும் ஆரும் அமுக்கி என்சிபிஏ டாட் சிபிஎல் (ncpa.cpl) அடிங்க, வைஃபை மேல ரைட் கிளிக், ப்ராபர்ட்டீஸ். டிக் போட்ட ஒரு லிஸ்ட் வரும், அதுல ஆன்டிவைரஸ் பேரோட ஏதாவது ஃபில்டர்னு இருந்தா டிக்க எடுங்க. இன்டர்நெட் புரோட்டோகால் வெர்ஷன் 4ல கைய வெச்சிடாதீங்க. அப்புறம் ரெண்டு கம்பெனி சைட்லயும் ரிமூவல் டூல்னு தனியா குடுத்திருப்பாங்க, போன்ல இறக்கி கேபிள்ல காப்பி பண்ணி சேஃப் மோட்ல (விண்டோஸ் அத்தியாவசியமானத மட்டும் வெச்சு திறக்குற மோட்) ஓட்டுங்க. சேஃப் மோட் போறப்ப பிட்லாக்கர் (டிஸ்க்க பூட்டி வைக்குற விண்டோஸ் வசதி) ரிக்கவரி கீ கேட்டாலும் கேக்கும், அவங்க மைக்ரோசாஃப்ட் அக்கவுண்ட்ல போன்லயே பாத்து முன்னாடியே எழுதி வெச்சுக்கோங்க. கடைசியா அட்மின் கமாண்ட் பிராம்ப்ட்ல நெட்எஸ்ஹெச் வின்சாக் ரீசெட் (netsh winsock reset) அடிங்க, விண்டோஸோட நெட் செட்டிங் பழையபடி ஆகும், அப்புறம் ஒரு ரீஸ்டார்ட்.

நெட்டு_பொண்ணு:
ப்ராக்சியும் (பிரவுசருக்கும் நெட்டுக்கும் நடுவுல நிக்குற ஆள் மாதிரி) பாருங்க, எனக்கு 127.0.0.1னு, அதாவது அதே லேப்டாப்போட அட்ரஸ், செட்டிங்ஸ்ல ஒட்டிட்டு இருந்துச்சு, அத ஆஃப் பண்ணதும் நெட் வந்துடுச்சு.

கேபிள்_மாமா:
நல்ல பாயிண்ட்மா, ஆனா பிங் ப்ராக்சி வழியா போகாது, இவருக்கு பிங்கே போகலையே. பிங் போயி பிரவுசர் மட்டும் திறக்கலன்னா நீங்க சொல்றத தான் முதல்ல பாக்கணும்.

மின்னல்_வேகம்:
செட்டிங்ஸ்ல நெட்வொர்க் ரீசெட்னு ஒண்ணு இருக்கே, ஒரே கிளிக்.

கேபிள்_மாமா:
இருக்கு, ஆனா சேவ் பண்ண வைஃபை பாஸ்வேர்ட், விபிஎன் எல்லாம் போயிடும். டூல் ஓட்டியும் வரலன்னா அதுக்கு போங்க.

ஈரோட்டுக்காரன்:
வந்துடுச்சுண்ணா!! லிஸ்ட்ல பழைய ட்ரையல் பேர்ல ஒரு ஃபில்டர் டிக்கோட இருந்துச்சு, எடுத்த உடனே பிங் ரிப்ளை வந்துச்சு, ரீஸ்டார்ட் கூட பண்ணல. இப்ப ரெண்டு டூலும் ஓட்டி முடிச்சாச்சு. வாங்குன லைசென்ஸ் வீணா அப்ப?

கேபிள்_மாமா:
வீணாகாது, கீ மெயில்ல இருக்கும். இப்ப விண்டோஸ் செக்யூரிட்டி திறந்து டிஃபெண்டர் ஆன் ஆயிருக்கான்னு மட்டும் பாருங்க, அது போதும். டெஸ்ட் முடியட்டும், அப்புறமா புதுசு மட்டும் தனியா போட்டுக்கலாம்.