அடையாறு முகத்துவாரத்துல தூண்டில் போட வழி சொல்லுங்க

கோத்தகிரியிலிருந்து எழுதுறேன். எமரால்டு அணைக் கரையில அனுமதிச் சீட்டு வாங்கி, மண்புழு கோத்துக் கெண்டை பிடிச்சுத்தான் பழக்கம். அடுத்த மாசம் சென்னையில அக்கா வீட்டுக்குப் போறோம். அடையாறு கடல்ல சேர்ற இடத்துல கரையில நின்னு தூண்டில் போடணும்னு மகனுக்குக் கொள்ளை ஆசை, எனக்கும்தான்.

கடல் தண்ணி சுமார் 6 மணி நேரம் ஏறும், அடுத்த 6 மணி நேரம் இறங்கும், அமாவாசை பௌர்ணமியில இழுப்பு கூடும்னு தெரியும். ஆனா கொடுவா, மடவைக்கு ஏறுற தண்ணி நல்லதா, வத்துற தண்ணியா? உயிர் இறால் போட்டா ஈயம் எவ்வளவு கனம் கட்டணும்? முகத்துவாரம் மணல் மூடிக் கிடந்தா மீன் எடுக்குமா?

முக்கியமா, சாக்கடை கலக்குற ஆறு. பிடிச்சதைக் குழம்பு வைக்கலாமா, திருப்பி விட்டுடறதுதான் சரியா? பையன் கூட வர்றான், வழுக்காத இடமாப் பார்த்துச் சொல்லுங்கண்ணா.