பொருள்: அம்பை வயல்வழி, இப்போது நடக்க முடியுமா?

அண்ணாச்சிமார், மதினிமார் எல்லாருக்கும் வணக்கம்.

நம்ம ஊரிலிருந்து அம்பைக்கு, அதாவது அம்பாசமுத்திரத்துக்கு, வயல்வழியாக இப்போதும் நடந்து போக முடியுமா என்று மஸ்கட் அண்ணாச்சி போன வாரம் நம்ம மடல் குழுவில் கேட்டிருந்தார். பதினோரு பேர் பதில் எழுதியிருக்கிறீர்கள். பதினோரு பேரும் அந்த வழியில் கடைசியாக நடந்தது பள்ளிக்கூடம் போன காலத்தில்தான்! நான் மாசியில் ஊருக்கு வந்தபோது போய்ப் பார்த்தேன். பாதி வழியில் திரும்பிவிட்டேன். அதற்கு முன்னால், போன ஞாயிற்றுக்கிழமை நான் இங்கே நடந்த வழியைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜ் டவுனிலிருந்து கிராண்ட்செஸ்டர் என்கிற கிராமத்துக்கு ஆற்றோரமாக ஒரு பாதை போகிறது. தூரம் இரண்டு மைல்தான், ஒரு மணி நேரம்கூட ஆகாது. டவுனின் கடைசித் தெரு முடிகிற இடத்தில் ஒரு கதவு. அதைத் தாண்டினால் புல்வெளி, வலப்பக்கம் மேட்டு நிலம், இடப்பக்கம் சரிவில் கேம் ஆறு. ஆறு என்று சொல்கிறார்களே தவிர, நம்ம நதியுண்ணிக் கால்வாயைக் கொஞ்சம் அகலப்படுத்தியது போலத்தான் இருக்கும். தாமிரபரணியில் குதித்து வளர்ந்தவனுக்கு அதை ஆறு என்று ஒப்புக்கொள்ள ரொம்ப நாள் ஆனது. மேலே ஒரு பாதை, தண்ணீரை ஒட்டிக் கீழே ஒரு பாதை. முதல்நாள் மழை பெய்திருந்ததைப் பார்க்காமல் கீழ்ப்பாதையில் இறங்கி, கணுக்கால் வரை சேறு. பிசான நெல் நடவுக்குத் தொளி கலக்கின வரப்பு ஞாபகம் வந்துவிட்டது.

அந்தக் கதவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அரைவட்டமாக ஒரு அடைப்பு, அதற்குள் முன்னும் பின்னும் ஆடுகிற ஒற்றைக் கதவு. உள்ளே போய் ஒதுங்கி நின்று, கதவை நம் பக்கம் இழுத்துவிட்டுத்தான் வெளியே வர முடியும். ஒரு நேரத்தில் ஒரு ஆள்தான். மாட்டுக்கு அந்த வளைவில் உடம்பைத் திருப்ப வராது. நம்ம ஊரில் கவட்டைக் கம்பு நட்டுக் கடவு வைப்பார்களே, அதே யோசனை. ஆள் ஒருக்களித்து நுழையலாம், எருமை நுழையாது. அன்று உள்ளே ஏழெட்டு மாடுகள் பாதையை மறித்துப் படுத்து அசைபோட்டுக்கொண்டிருந்தன. 'ஹை' என்று சத்தம் போட்டேன். தமிழ்ச் சத்தம் அதுகளுக்குப் புரியவில்லை, நான்தான் சுற்றிப் போனேன்.

அந்தப் புல்வெளி கிங்ஸ் கல்லூரிக்குச் சொந்தம். ஆனால் பாதையில் நடக்கிற உரிமை ஊருக்கே பொது. இங்கே 1949-ல் ஒரு சட்டம் போட்டு, எந்தெந்த நிலத்தின் வழியாக மக்களுக்கு நடைபாதை இருக்கிறது என்று வரைபடம் தயாரிக்கும் பொறுப்பை அந்தந்த மாவட்ட நிர்வாகத்திடம் கொடுத்துவிட்டார்கள். வரைபடத்தில் ஏறிவிட்டால் அதுவே சாட்சி. வயலின் குறுக்கே போகும் பாதையை விவசாயி உழலாம். ஆனால் உழுத 14 நாளுக்குள் குறைந்தது ஒரு மீட்டர் அகலத்துக்குப் பாதையைத் திரும்பப் போட்டுத் தர வேண்டும். வரப்போரப் பாதை என்றால் உழவே கூடாது. இங்கிலாந்து, வேல்ஸ் இரண்டிலும் சேர்த்து இப்படி ஏறத்தாழ 2,25,000 கிலோமீட்டர் வழி இருக்கிறது. நம்ம ஊரில் வருஷத்துக்கு ஒரு மண்வெட்டி என்று வரப்பைச் செதுக்கிச் செதுக்கிக் கடைசியில் கயிறு மேல் நடப்பது போல ஆக்கிவிடுவார்களே, அதை நினைத்துக்கொண்டேன்.

கிராமத்துக்குள் ஏறினால் ஒரு ஆப்பிள் தோப்பு. 1868-ல் வைத்த மரங்கள். 1897-ல் கல்லூரிப் பிள்ளைகள் சிலர் மரத்தடியில் டீ தர முடியுமா என்று கேட்டிருக்கிறார்கள். அன்று தொடங்கிய டீக்கடை இன்றும் நடக்கிறது. 1909-ல் ரூபர்ட் புரூக் என்கிற கவிஞர் இந்த ஊரில் குடியிருந்தார். 1912-ல் பெர்லினில் ஒரு காப்பிக் கடையில் உட்கார்ந்து இந்த ஊரை நினைத்து ஒரு பாட்டு எழுதினார். கோயில் கடிகாரம் இன்னும் பத்து நிமிஷம் குறைய மூணு மணியிலேயே நிற்கிறதா, டீக்கு இன்னும் தேன் இருக்கிறதா என்று அதில் கேட்டிருப்பார். நம்ம குழுவில் வரும் பாதி மடல்கள் இந்த ரகம்தானே!

சரி, நம்ம கதைக்கு வருகிறேன். மாசியில் பிசானம் அறுப்பு முடிந்த கையோடு போனேன். அம்மன் கோயிலுக்குப் பின்னால் தடம் நன்றாகவே இருக்கிறது. மடை தாண்டி இரண்டாவது வயலில் கம்பி வேலி. கடவு கிடையாது. போட்டவர் யாரென்று இங்கே எழுதப்போவதில்லை, அவரும் நமக்குச் சொந்தம்தான். கேட்டேன். "யாரு தம்பி நடக்கா இப்ப? எல்லாரும் பைக்குல போறிய," என்றார். பதில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அப்புறம்தான் விசாரித்தேன். நம்ம பழைய பத்திரங்களில் 'மாமூல் நடை வண்டிப்பாதை பாத்தியம்' என்று ஒரு வரி வரும், பார்த்திருப்பீர்கள். வழக்கம்போல நடக்கவும் வண்டி ஓட்டவும் உரிமை என்று அர்த்தம். 1882-ஆம் ஆண்டு வழியுரிமைச் சட்டப்படி, தனியார் நிலத்தின் வழியாக 20 ஆண்டு தடையில்லாமல், உரிமையோடு நடந்திருந்தால் பாத்தியம் கோரலாம். ஆனால் அந்த 20 ஆண்டு, வழக்குப் போடுவதற்கு முந்தைய இரண்டு ஆண்டுக்குள் வந்து முடிந்திருக்க வேண்டும். நம்ம அப்பா தலைமுறை நடந்ததைச் சொல்லி இப்போது கேட்க முடியாது. பாதை புறம்போக்காக இருந்தால் விஷயமே வேறு, அதை யாரும் வேலி கட்டி அடைக்க முடியாது. எது என்று காகிதத்தைப் பார்த்தால்தான் தெரியும்.

அதனால் ஒரு வேண்டுகோள். நிலத்தின் அளவைக் காட்டும் புலப்படத்தை அரசின் இணையச் சேவைப் பக்கத்தில் புல எண் (சர்வே நம்பர்) போட்டு எடுக்கலாம். பாதை போகிற புல எண்களெல்லாம் எனக்குத் தெரியாது. துபாய் சித்தப்பாவிடம் பழைய பத்திர நகல்கள் இருக்கின்றன, அவர் எண்களை எழுதி அனுப்பினால் படங்களை நான் எடுத்து ஒட்டித் தருகிறேன். எந்த நிலம் யாருடையது, என்ன வகை என்று குறித்து வைக்கிற 'அ' பதிவேட்டில் என்ன எழுதியிருக்கிறது என்பதை ஊரில் இருப்பவர் யாராவது கிராம நிர்வாக அலுவலரிடம் கேட்டுச் சொன்னால் நல்லது. வேலி போட்ட சொந்தக்காரரிடம் ஒரு கடவு மட்டும் கேட்போம், சண்டை வேண்டாம். கவட்டைக் கம்பு செலவு என்னுடையது.

பொங்கலுக்கு ஊருக்குப் போகிறவர்கள் பெயர் கொடுங்கள். மாட்டுப்பொங்கல் அன்று காலையில் கோயிலடியில் கூடி அம்பை வரை நடக்கலாம் என்று நினைக்கிறேன். பயிர் நிற்கும், வரப்பு வழுக்கும். செருப்பைக் கையில்தான் பிடித்துக்கொள்ள வேண்டியிருக்கும்.