தொப்புள்கொடி ரத்தத்துல இருந்து கேன்சர் ட்ரீட்மென்ட், பணம் கட்டலாமா?

மீரா_திருச்சி:
எல்லாருக்கும் வணக்கம். அப்பாவுக்கு லிம்போமா (நிணநீர் கேன்சர்), கீமோ முடிஞ்சு நல்லாத்தான் இருந்தாரு, இப்ப திரும்ப வந்துருச்சு. அக்காவுக்கு அடுத்த மாசம் டெலிவரி. ஒரு கார்ட் பிளட் பேங்க்ல இருந்து போன் பண்ணி குழந்தையோட தொப்புள்கொடி ரத்தத்த சேத்து வச்சா அத வச்சே தாத்தாவுக்கு வைத்தியம் பண்ணலாம், அமெரிக்காவுல பண்றாங்கன்னு சொல்றாங்க. நெட்ல தேடுனா கார்-என்கேன்னு வருது. நெஜமா? ப்ளீஸ் தெரிஞ்சவங்க சொல்லுங்க.

லேப்_செந்தில்:
அமெரிக்காவுல பண்றது நெஜம்தான்மா. ஹூஸ்டன்ல எம்.டி. ஆண்டர்சன்ங்கற கேன்சர் ஆஸ்பத்திரியில கேட்டி ரெஸ்வானிங்கற டாக்டரோட டீம். தொப்புள்கொடி ரத்தத்துல இருந்து என்கே செல்ல (கேன்சர் செல்ல கொல்ற ஒரு வகை வெள்ளணு) பிரிச்சு அதுக்குள்ள மூணு ஜீன் ஏத்துறாங்க, இதுதான் நீங்க பாத்த கார்-என்கே. ஒன்னு சிடி19ங்கற அடையாளம் உள்ள கேன்சர் செல்ல புடிக்க, இன்னொன்னு ஐஎல்-15, அது இருந்தாத்தான் உடம்புக்குள்ள போன செல் தாக்குப்புடிக்கும், மூணாவது ஏதாவது ஏடாகூடமாச்சுன்னா மருந்து குடுத்து அந்த செல்லயே அழிக்கிற சுவிட்ச். 2020ல வந்த ரிசல்ட்ல 11 பேர்ல 8 பேருக்கு கேட்டுச்சு. கார்-டில (இதே மாதிரி டி செல்ங்கற வேற வெள்ளணுவ மாத்திப் பண்ற வைத்தியம்) பயமுறுத்துற கடும் காய்ச்சல், நரம்பு பாதிப்பு எதுவும் இதுல வரல, அதான் எல்லாரும் நிமிந்து பாத்தாங்க. ஆனா 2024ல 37 பேரோட ரிசல்ட் வந்தப்ப கேட்டது கிட்டத்தட்ட பாதிப் பேருக்குத்தான். இன்னும் ட்ரயல் கட்டம்.

முக்கியமான விஷயம், அவங்க யூஸ் பண்ணது முன்பின் தெரியாதவங்க தானமா குடுத்த ரத்தம். சொந்தப் பேரக்குழந்தையோடதா இருக்கணும்னு அவசியமே இல்ல. அதுலயும் எடுத்து 24 மணி நேரத்துக்குள்ள ஃப்ரீஸ் பண்ணது, உட்கரு (நியூக்ளியஸ்) உள்ள சிவப்பணு கம்மியா இருக்குறதுன்னு பொறுக்கி எடுத்த ரத்தப்பைதான் நல்லா வேலை செஞ்சுச்சு. அதனால தாத்தாவுக்காகன்னு காசு கட்டாதீங்க.

வார்டு_அக்கா:
செந்தில் தம்பி சொன்னது சரி. ஐசிஎம்ஆரும் (இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சில்) தனியார்ல சேத்து வைக்கிறத பரிந்துரைக்கல. இன்னொன்னு சொல்றேன் மீரா, குழந்தை பிறந்ததும் கொடிய உடனே கிளிப் போடாம ஒரு நிமிஷமாவது விட்டா அந்த ரத்தம் குழந்தைக்கே போகும், இரும்புச்சத்துக்கு ரொம்ப நல்லது. பைக்கு ரத்தம் வேணும்னு யாராவது அவசரப்பட்டா அக்காவ ஒத்துக்க வேணாம்னு சொல்லுங்க. அப்பாவுக்கு எந்த லிம்போமா? ஹாட்ஜ்கின்னா இந்த சிடி19 கதையே பொருந்தாது.

மீரா_திருச்சி:
ரொம்ப நன்றிக்கா. ரிப்போர்ட்ல டிஃப்யூஸ் லார்ஜ் பி செல்னு இருக்கு. பேங்க்காரங்க கிட்ட வேணாம்னு சொல்லிட்டேன்.

லேப்_செந்தில்:
ஹாட்ஜ்கின் இல்ல, அப்ப டாக்டர் கிட்ட கார்-டி பத்தி கேளுங்க. ஐஐடி பாம்பேயும் டாடா மெமோரியலும் சேந்து கொண்டுவந்த நெக்ஸ்கார்19ங்கற கார்-டிக்கு 2023 அக்டோபர்லயே இங்க அனுமதி கிடைச்சிருச்சு, அது அப்பாவோட சொந்த ரத்தத்துல இருந்தே பண்றது. செலவு பல லட்சம் ஆகும், உடம்பு தாங்குமான்னும் பாப்பாங்க. போறப்ப பயாப்ஸி பிளாக்கையும் (எடுத்த சதைய மெழுகுல பதிச்சு வச்சிருக்கறது) பழைய ஸ்கேனையும் கையோட வாங்கிட்டுப் போங்க, சிடி19 இருக்கான்னு பாக்கணும்னா பிளாக்கதான் கேப்பாங்க.