மாட்ஸ்-சி பெப்டைட் போட்டா நிஜமாவே ஸ்டாமினா ஏறுமா?

ஓட்டக்காரன்:
ஹாஃப் மாரத்தான் ஓடுறேன், கடைசி 5 கிலோமீட்டர்ல கால் அப்படியே செத்துடுது. கூட ஓடுற ஒருத்தர் மாட்ஸ்-சின்னு ஒரு ஊசி பத்தி சொன்னாரு, செல்லுக்குள்ள எனர்ஜி தயாரிக்கிற மைட்டோகாண்ட்ரியாவுக்கு நேரா வேலை செய்யுமாம், யாராச்சும் படிச்சிருக்கீங்களா?

லேப்வாசி:
விஷயம் சுவாரசியமானதுதான் ப்ரோ. 16 அமினோ ஆசிட் உள்ள குட்டி பெப்டைட், அதாவது சின்ன புரதத் துண்டு மாதிரி, 2015-ல கண்டுபிடிச்சாங்க, இதை உருவாக்குற மரபணு கோட் செல்லோட நியூக்ளியஸ்ல இல்ல, மைட்டோகாண்ட்ரியாவோட சொந்த டிஎன்ஏ-லயே இருக்கு, அதான் எல்லாரும் ஆச்சரியப்பட்டாங்க. செல்லுல எனர்ஜி கம்மியானா முழிச்சுக்கிற ஏஎம்பிகே-ன்னு ஒரு என்சைம் இருக்குல்ல, அதை இது தட்டி விடுது, குளுக்கோஸ் எரியுறது கூடுது. 2021 ஆய்வுல வயசான எலிங்க கூட ட்ரெட்மில்ல நல்லா ஓடிச்சு. ஆனா எலி எலிதான், நாம நாமதான் 😄

ஓட்டக்காரன்:
அப்போ மனுஷங்களுக்கு?

லேப்வாசி:
அதே ஆய்வுல சைக்கிள் மிதிச்சவங்க தசையில இது தானாவே எக்கச்சக்கமா ஏறியிருக்கு. ஊசி போட்டு ஓட்டம் கூடுச்சுன்னு காட்டுனது எலியிலதான்.

கோச்அண்ணா:
தம்பி, இது உலக ஊக்கமருந்து தடுப்பு அமைப்பு (WADA) போட்ட தடை லிஸ்ட்ல இருக்கு, போட்டியில ஓடுறவன் தொடவே கூடாது. ஆன்லைன்ல 'ரிசர்ச் மட்டும்'னு ஒட்டி விக்கிற குப்பியில என்ன இருக்குன்னு யாருக்குத் தெரியும்? வாராவாரம் ஒரு லாங் ரன், மெதுவா ஓடு, மைட்டோகாண்ட்ரியா தானா பெருகும். ஆமா, ஓடும்போது எனர்ஜி ஜெல் ஏதாச்சும் எடுக்கிறியா இல்லையா, அதைச் சொல்லு முதல்ல.