மண் பரிசோதனை முடிவு வந்துவிட்டது, நெல்லுக்கு உர அளவு முடிவு செய்ய உதவுங்கள்

எல்லோருக்கும் வணக்கம். என் நெல் வயலுக்கு முதல் முறையாக மண் பரிசோதனை செய்தேன். வரப்போரம், எருக்குவியல் கிடந்த இடம் எல்லாம் தவிர்த்து, பன்னிரண்டு இடங்களில் 15 செ.மீ. ஆழத்துக்கு மண் வெட்டி எடுத்து, நிழலில் உலர்த்திக் கலந்து, அரைக் கிலோ கொடுத்தேன்.

கார அமில நிலை (pH) 8.1, அதாவது காரத்தன்மை. அங்ககக் கரிமம் 0.4 சதவீதம், மணிச்சத்து (பாஸ்பரஸ்) அதிகம், சாம்பல் சத்து (பொட்டாசியம்) குறைவு, துத்தநாகம் 0.5 பிபிஎம் (பத்து லட்சத்தில் 0.5 பங்கு), அதுவும் குறைவுதான். பார்த்ததும் மனது கனத்துப் போனது. இத்தனை வருடமும் அடியுரமாக மணிச்சத்து நிறைந்த டிஏபி உரத்தைத்தான் கொட்டியிருக்கிறேன், சாம்பல் சத்து தரும் பொட்டாஷைத் தொட்டதே இல்லை. நட்ட மூன்றாவது வாரம் இலையில் துருப்புள்ளி வரும்போதெல்லாம் நோய் என்று மருந்து அடித்தேன். அது துத்தநாகக் குறையாக இருந்திருக்கும் என்று இப்போது தோன்றுகிறது.

டிஏபியை இந்தப் பருவம் முழுவதுமாக நிறுத்தலாமா, கொஞ்சமாவது வேண்டுமா? 50 கிலோ மூட்டையில் 23 கிலோ மணிச்சத்தோடு 9 கிலோ தழைச்சத்தும் (நைட்ரஜன்) இருக்கிறது. நிறுத்தும் ஒவ்வொரு டிஏபி மூட்டைக்கும் 20 கிலோ யூரியா போட்டால் அந்தத் தழைச்சத்து ஈடாகிவிடும் என்பது என் கணக்கு, சரிதானா? அப்புறம், பொட்டாஷை அடியுரமாக மொத்தமாகப் போடுவதா, பாதியைக் கதிர் உருவாகும் பருவத்துக்கு வைத்துக்கொள்வதா? துத்தநாக சல்பேட்டை மணிச்சத்து உரத்தோடு கலக்காமல், மணலில் கலந்து தனியாகத் தூவ வேண்டும் என்பது தெரியும். கார அமில நிலை 8.1 உள்ள மண்ணில் அது மட்டும் போதுமா, இலைவழியாகவும் தெளிக்க வேண்டுமா?

நடவுக்குப் பத்து நாள்தான் இருக்கிறது. இதே மாதிரி முடிவு வந்து உரத்தை மாற்றிப் பார்த்தவர்கள், எந்த அளவு போட்டீர்கள், பயிர் எப்படி இருந்தது என்று தயவுசெய்து எழுதுங்கள்.