வயிறு நிறையச் சாப்பிட்டும் எடை குறைந்தவர்கள் உண்டா? உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

செந்தூல்காரன்:

முதலில் என் கதை. வயது 46. கொஞ்சமாகச் சாப்பிட எனக்குத் தெரியாது, சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். வீட்டில் ஏழு பேர். பந்தியில் கடைசியாக எழுந்திருப்பவனுக்குத்தான் சட்டியில் மிச்சமிருக்கும் குழம்பு. அந்தப் போட்டி இன்னும் எனக்குள் ஓடிக்கொண்டே இருக்கிறது போல. வாழை இலைக் கடையில் உட்கார்ந்தால் மூன்று தடவை சோறு வாங்குவேன். கோலாலம்பூரில் பெரும்பாலான இலைக் கடைகளில் சோறும் காயும் கேட்கக் கேட்கப் போடுவார்கள், கறிக்கும் மீனுக்கும்தான் தனிக் காசு. என்னைப் போன்ற ஆளுக்கு இதைவிட ஆபத்தான ஏற்பாடு கிடையாது.

போன வருடம் எடை 98 கிலோ. அரசாங்க கிளினிக்கில் சர்க்கரை எல்லைக்கோட்டில் நிற்கிறது என்று சொல்லி உணவியல் அதிகாரியிடம் அனுப்பினார்கள். தமிழ்ப் பிள்ளை, என் மகளைவிட நாலைந்து வயது கூட இருக்கலாம். சுவரில் சுகாதார அமைச்சின் அந்தத் தட்டுப் படம், 'சுக்கு சுக்கு செபாரோ'. (நம் கஷாயத்துச் சுக்கு இல்லை, மலாயில் கால் பங்கு.) கால் தட்டு சோறு, கால் தட்டு மீனோ கோழியோ பருப்போ, பாதித் தட்டு காயும் பழமும்.

"ஏம்மா, இந்தத் தட்டு எனக்குக் காலையில பசியாறவே பத்தாதே" என்றேன்.

"பரவால்ல அங்கிள், தட்டைப் பெரிசாவே எடுங்க. ஆனா அந்தப் பாதி, பாதியாவே இருக்கணும்."

அதுவரை எனக்குப் புத்தி சொன்ன அத்தனை பேரும் 'பாதியாக் குறை' என்றுதான் சொன்னார்கள். பெரிய தட்டை எடுக்கச் சொன்ன முதல் ஆள் இந்தப் பிள்ளைதான்.

வீட்டுக்கு வந்ததும் மனைவி கேக் செய்ய வைத்திருக்கும் தராசை எடுத்தேன். நான் வழக்கமாகப் போட்டுக்கொள்ளும் சோற்றை நிறுத்தால் 450 கிராம்! 100 கிராம் வெள்ளைச் சோற்றில் சுமார் 130 கலோரி. அப்படியானால் குழம்பு ஊற்றுவதற்கு முன்பே 585. மறுநாள் சோறு 150 கிராம், அதோடு 300 கிராம் கோசு நறுக்கி ஒரே ஒரு தேக்கரண்டி எண்ணெயில் கடுகு தாளித்து வதக்கினோம். கோசுக்கு 75, எண்ணெய்க்கு 45, சோற்றுக்கு 195. ஆக மொத்தம் 315. வதங்கியதும் கோசு சுருங்கிப்போனது, அப்படியும் தட்டு நிறைந்துதான் இருந்தது. வயிறும் நிறைந்தது, அதுதான் எனக்கு ஆச்சரியம்.

இலைக் கடைக்குப் போவதை நிறுத்தவில்லை. உட்கார்ந்ததும் முதலில் ரசம் இரண்டு டம்ளர். அப்புறம் சோறு ஒரு கரண்டி. அங்கே பரிமாறுகிற தம்பி அடுத்த கரண்டியைத் தூக்கிக்கொண்டு வந்தான்.

"சோறு போதும், கோசு வை."

வைத்தான்.

"இன்னும் வை."

வைத்தான்.

"இன்னும் வைப்பா."

வாளியைக் கீழே வைத்துவிட்டு என் முகத்தையே பார்த்தான். "என்னண்ணே, வீட்டுல ஏதும் பிரச்சினையா?"

உங்களுக்கு எப்படி? எழுதுங்கள்.

ஆயர் ஈத்தாம் அக்கா:

தம்பி, உங்களுக்குச் சோறு, எனக்குக் குழம்பு. பினாங்கில் பிறந்துவிட்டு நாசி கண்டாரை விடு என்றால் முடியுமா? எனக்கு எப்பவும் குவா பாஞ்சிர்தான். நாலு சட்டியிலிருந்தும் குழம்பு எடுத்துச் சோறு மிதக்க மிதக்க ஊற்றுவார்களே, அது.

ஒரு நாள் வழக்கமான கடையில், "பாய், இன்னைக்கு பாஞ்சிர் வேணாம், குழம்பைத் தனியா ஒரு கிண்ணத்துல குடுங்க" என்றேன். பாய்க்கு முகம் போன போக்கைப் பார்க்கணும். "ஏம்மா, தனியா ஊத்தினா அது நாசி கண்டாரா?" வரிசையில் பின்னால் நின்ற சீனத்து அங்கிள் வேறு சிரிக்கிறார். சரி என்று கொடுத்தார்.

மேசையில் உட்கார்ந்து வெண்டைக்காயைப் பிரித்துக்கொண்டிருந்தேன். ஐந்து நிமிடம் ஆகியிருக்கும். கிண்ணத்தைப் பார்க்கிறேன், மேலே சிவப்பாக ஒரு விரல் அகலத்துக்கு எண்ணெய் வந்து நிற்கிறது. கரண்டியால் வழித்து வெறும் தட்டில் விட்டேன். மூன்று மேசைக்கரண்டி வந்தது. ஒரு மேசைக்கரண்டி எண்ணெய்க்கு 120 கலோரி. 360 கலோரியை நான் இத்தனை வருடமாகச் சோற்றுக்குள் ஒளித்து வைத்துச் சாப்பிட்டிருக்கிறேன், அதை மென்ற ஞாபகம்கூட இல்லை!

எண்ணெய் ஒரு கிராமுக்கு 9, சோற்றின் மாவுச்சத்துக்கும் கோழியின் புரதத்துக்கும் 4. வயிற்றில் அடைக்கிற இடமோ எண்ணெய்க்கு ரொம்பக் குறைவு. இதை நான் படித்துத் தெரிந்துகொண்டபோது வராத பயம் அந்தத் தட்டைப் பார்த்தபோது வந்தது.

இப்போது கிண்ணம், வெண்டைக்காய் இரண்டு கரண்டி, பாகற்காய் ஒரு கரண்டி, அவித்த முட்டை, ஒரு மீன் துண்டு. சோறு பாதி. தட்டு பழைய அளவுதான். பாய் இன்னும் தலையை ஆட்டுகிறார்.

செத்தாபாக் தம்பி:

நான் கேட்டதெல்லாம் 'சாப்பிடுமுன் தண்ணீர் குடி' என்பதுதான். மூன்று வாரம் ஒவ்வொரு வேளைக்கும் முன்னால் ஒரு லிட்டர் ஆயர் கோசோங். பலன்: ஆபீஸில் கழிப்பறைக்கு நடந்தே கால் வலி. பசி? ஒரு மணி நேரத்தில் திரும்ப வந்துவிடும். வயிற்றை ஏமாற்ற முடியாது என்பது என் கருத்து.

கெலுகோர் டீச்சர் (ஓய்வு):

தம்பி, வயிற்றை ஏமாற்றவே வேண்டாம், தண்ணீரைச் சாப்பாட்டுக்கு உள்ளே வையுங்கள். இதை ஆராய்ச்சியாகவே செய்து பார்த்திருக்கிறார்கள். அமெரிக்காவில் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தில் பார்பரா ரோல்ஸ் என்பவரின் குழு 1999ஆம் ஆண்டு வெளியிட்டது. 24 பெண்கள். மதியச் சாப்பாட்டுக்கு முன்னால் ஒரு நாள் கோழியும் சோறும் காயும் சேர்ந்த ஒரு பண்டம், இன்னொரு நாள் அதே பண்டத்தோடு ஒரு டம்ளர் தண்ணீர், வேறொரு நாள் அதே பண்டத்தில் அதே அளவு தண்ணீரை ஊற்றிச் சூப்பாக. கலோரி மூன்றிலும் ஒன்றுதான். அதற்குப் பிறகு வேண்டிய அளவு சாப்பிடலாம் என்று விட்டார்கள். தண்ணீரைத் தனியாகக் குடித்த நாளில் பெரிய வித்தியாசம் இல்லை. சூப் குடித்த நாளில் மதியச் சாப்பாட்டின் கலோரி கால் பங்குக்கு மேல் குறைந்தது.

நம் வீட்டில் ரசமும் கஞ்சியும் கீரைத் தண்ணீர்ச்சாறும் எத்தனை காலமாக இருக்கின்றன! நான் மதியம் முதலில் ஒரு பெரிய கிண்ணம் முருங்கைக்கீரை சூப் குடிக்கிறேன். சாந்தான் (தேங்காய்ப்பால்) ஊற்ற மாட்டேன், ஊற்றினால் கணக்கே மாறிவிடும்.

இன்னொன்று. 1995இல் சிட்னி பல்கலைக்கழகத்தில் சூசன்னா ஹோல்ட் குழுவினர் 38 உணவுகளை, ஒவ்வொன்றும் 240 கலோரி வருகிற அளவில், ஆட்களுக்குக் கொடுத்து இரண்டு மணி நேரம் வயிறு எவ்வளவு நிறைவாக இருக்கிறது என்று கேட்டார்கள். வெள்ளை ரொட்டிக்கு 100 புள்ளி என்று வைத்துக்கொண்டார்கள். முதல் இடம் எதற்குத் தெரியுமா? அவித்த உருளைக்கிழங்கு, 323. கடைசி இடம் குரோசான், 47. அதே உருளைக்கிழங்கை நீளமாக நறுக்கிப் பொரித்தால் 116க்கு இறங்கிவிடுகிறது. மீன் 225, ஆரஞ்சு 202. வெள்ளைச் சோறு 138, பழுப்பரிசிச் சோறு 132. ஆகவே பழுப்பரிசிக்கு மாறிவிட்டேன் என்று அதையும் மூன்று கரண்டி சாப்பிடுகிறவர்கள் யோசியுங்கள். நார்ச்சத்துக்காக அதைச் சாப்பிடலாம், நான் வேண்டாம் என்று சொல்லவில்லை.

உருளைக்கிழங்கு குண்டாக்கும் என்று 40 வருடம் நம்பிய ஆள் நான். குண்டாக்கியது அதைப் பொரித்த எண்ணெய்தான்.

கெப்போங் அக்கா:

டீச்சர் பொரித்ததைப் பற்றிச் சொன்னதும் எனக்குப் புரட்டாசி ஞாபகம் வந்துவிட்டது. வருடா வருடம் மாதம் முழுக்கச் சைவம் இருப்பேன். இரண்டு வருடத்துக்கு முன் புரட்டாசி முடிந்து எடை பார்த்தால் இரண்டரை கிலோ கூடியிருக்கிறது! சாமி குத்தமா என்று யோசித்தேன், பிறகுதான் விளங்கியது. காலையில் வடை. மதியம் சைவ ஆட்டிறைச்சி என்று விற்கிறார்களே, அதைப் பொரித்துச் செய்த வறுவல். சாயங்காலம் பொரித்த தவ்பூ (சோயாக் கட்டி). ராத்திரி மீ கோரெங். பச்சைக் காய் என்று பார்த்தால் கறிவேப்பிலைதான்.

போன வருடம் அதே மாதம் பாசாருக்குப் போய் சாவி, கங்கோங் கீரைகள், தவுகே (முளைப்பயறு), பூசணி என்று கூடை கூடையாக வாங்கினேன். தவ்பூவைப் பொரிக்காமல் சூப்பில் போட்டேன். மாமியார், "என்னடி, சீனன் வீட்டுச் சமையலா?" என்றார். ஒரு வாரத்தில் அவரே இரண்டாவது கிண்ணம் கேட்டார். எடை அந்த மாதம் ஏறவில்லை. குறையவும் இல்லை, உண்மையைச் சொல்லணுமே.

இரவு ஷிப்ட்காரி, பிரிக்பீல்ட்ஸ்:

எனக்குச் சாப்பாடு பிரச்சினையே இல்லை, தே தாரேக்தான், அந்த இழுத்த பால் டீ. ராத்திரி ஒரு மணிக்கு மாமாக் கடையில் ஒன்று, மூன்று மணிக்கு ஒன்று, விடிந்ததும் ஒன்று. ஒரு கிளாஸில் கெட்டிப்பால் இரண்டு மேசைக்கரண்டி விழுந்தாலே 130 கலோரி. மூன்று கிளாஸுக்கு 390. அந்தக் கோசு அண்ணன் தராசு வைத்து மிச்சம் பிடித்ததைவிட அதிகமாக நான் குடித்தே தீர்த்திருக்கிறேன். அதுவும் வயிறு நிறையாது. குடித்த பத்தாவது நிமிடம் ரொட்டி சானாய் கேட்கும்.

2019 ஜூலையில் இனிப்புப் பானங்களுக்கு வரி போட்டார்களே, அது ஆலையில் அடைத்து வருவதற்குத்தான். மாமாக் கடைக்காரர் கையால் இழுத்துக் கொடுப்பதற்கு வரியும் இல்லை, கலோரி எழுதி ஒட்டிய சீட்டும் இல்லை. நாமேதான் கணக்குப் பார்க்கணும். ஒரேயடியாக நிறுத்தினால் தலை வலிக்கும் என்று முதல் மாதம் 'குராங் மானிஸ்' (இனிப்பு குறைவாக), இப்போது தே ஓ கோசோங் (பாலும் சீனியும் போடாத டீ). விடிகாலையில் மட்டும் ஒரு தே தாரேக், அதை விட மாட்டேன். ரொட்டிக்குப் பதில் பீகூன் சூப், தவுகே கூடுதலாக. 50 சென் அதிகம் கேட்பார்கள், கொடுத்துவிடுவேன்.

செத்தாபாக் தம்பி:

டீச்சர் சொன்னதைக் கேட்டு சூப், கோசு, கொண்டைக்கடலை என்று ஒரே நாளில் ஆரம்பித்தேன். மூன்றாம் நாள் காலை ஆறாம் மாடியிலிருந்து லிப்டில் இறங்குகிறேன், உள்ளே எட்டுப் பேர். மேற்கொண்டு எழுத முடியவில்லை. தயவுசெய்து எல்லாரும் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுங்கள். கடலையை இரவு முழுக்க ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு வேறு தண்ணீரில் வேகவையுங்கள். இப்போது லிப்டில் தைரியமாக ஏறுகிறேன்.

ஜெலுத்தோங் மகன்:

சிரிப்பாக இருக்கிறது, ஆனால் ஒன்று சொல்லணும். எங்க அப்பா சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுகிறவர். யாரிடமும் கேட்காமல் சோற்றை அப்படியே விட்டுவிட்டு வெறும் காயும் மீனும் சாப்பிட்டார். மாத்திரை மட்டும் பழைய அளவு. தண்ணீர்மலைக் கோயில் படி ஏறுகிறோம், பாதியில் கை நடுங்குகிறது, சட்டை முழுக்க வியர்வை, பேச்சு குழறுகிறது. பக்கத்தில் வந்த ஒரு அம்மா பையிலிருந்து இனிப்புப் பாக்கெட் பானம் எடுத்து நீட்டினார். பத்து நிமிடத்தில் சரியானார். சர்க்கரை இறங்கிவிட்டது என்று பிறகு டாக்டர் சொல்லி மாத்திரையைக் குறைத்தார். சில மாத்திரைகளும் இன்சுலினும் அப்படித்தானாம், நாம் சோற்றைக் குறைத்தது அதற்குத் தெரியாது.

எங்க சித்தப்பாவுக்குச் சிறுநீரகக் கோளாறு, அவருக்குக் கீரைக்கும் சில காய்களுக்கும்கூட அளவு போட்டுக் கொடுத்திருக்கிறார்கள். ஆகவே உடம்பில் ஏற்கனவே ஏதாவது இருந்தால் முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்.

செந்தூல்காரன்:

ஜெலுத்தோங் தம்பி, நல்ல நேரத்தில் சொன்னீர்கள். அப்பாவைக் கேட்டதாகச் சொல்லுங்கள். ஆயர் ஈத்தாம் அக்கா, நேற்று உங்கள் கிண்ண வைத்தியத்தை வீட்டுக் கோழிக் குழம்பில் செய்து பார்த்தேன். மனைவி இன்னும் என்னோடு பேசவில்லை.

எட்டு மாதமாகிறது, இப்போது 91 கிலோ. தீபாவளி வாரத்தில் இரண்டு கிலோ ஏறி இறங்கியது, அதையும் சொல்லிவிடுகிறேன். திறந்த இல்ல உபசரிப்பில் கோசு எங்கே கிடைக்கும்?

இலைக் கடைத் தம்பி இப்போது என்னிடம் ஒன்றும் கேட்பதில்லை. நான் வாசலில் செருப்பைத் தட்டிக்கொண்டு நுழையும்போதே உள்ளே பார்த்து, "கோசு அண்ணன் வந்தாச்சு!" என்று கத்துகிறான். போன வாரம் எனக்கு முன்னால் உட்கார்ந்திருந்த இரண்டு பேரும் சோறு வேண்டாம், கோசு வை என்கிறார்கள்.

எந்தக் கடை என்று தனியாகக் கேட்டவர்களுக்கு: சொல்ல மாட்டேன். ஒன்றரை மணிக்கெல்லாம் கோசு தீர்ந்துவிடுகிறது.