ஐம்பது ரூபாய்ச் சிகரெட்டும் கடல் தாண்டும் பீடி இலையும்

கணக்குப்பிள்ளை:
இலங்கையில் சிகரெட் வரியை ஏற்றியதும் புகைப்பது குறைந்துவிட்டது, கள்ளச் சந்தை என்பது சிகரெட் கம்பெனி காட்டும் பூச்சாண்டி என்று மருதமுத்து நேற்று எழுதியதைப் படித்ததிலிருந்து எரிச்சல் அடங்கவில்லை. 2016 இல் அங்கே 35 ரூபாய்க்கு விற்ற கோல்ட் லீஃப் சிகரெட், ஒன்றே ஒன்று, அந்த ஆண்டு முடிவதற்குள் 50 ரூபாய். நாட்கூலிக்காரன் என்ன செய்தான்? பீடிக்கு மாறினான். கம்பெனிக் கணக்கில் அவன் புகையை விட்டவன்!

மருதமுத்து:
விலை 10 சதவீதம் ஏறினால் நம்மைப் போன்ற நாடுகளில் புகைப்பது சுமார் 5 சதவீதம் குறையும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். உங்கள் திண்ணைக் கணக்கை யார் கேட்டார்கள், ஐயா?

கணக்குப்பிள்ளை:
அந்த 5 சதவீதத்தில் பீடி உண்டா, இல்லையா? 50 ரூபாய்க்குப் பதில் சொல்லுங்கள்.

மருதமுத்து:
புகை என்றால் புகைதான். பெக்கர், மர்ஃபி என்ற பொருளாதார அறிஞர்கள் 1988 இலேயே எழுதிவிட்டார்கள்: புகைப்பவனும் வருங்காலத்தைக் கணக்குப் பார்த்துத்தான் புகைக்கிறான்; விலை ஏறினால் உடனே குறைவது கொஞ்சம், நாளடைவில் குறைவது அதிகம். பொறுமை வேண்டும்.

கணக்குப்பிள்ளை:
பெட்டிக்கடையில் கடன் சொல்லி ஒற்றைச் சிகரெட் வாங்குகிறவன், வருங்காலத்தைக் கூட்டிக் கழித்துப் பார்த்தா பற்றவைக்கிறான்? அந்த இருவரையும் ஒரு நாள் காலையில் என்னோடு கடைக்கு வரச் சொல்லுங்கள்.

முத்துநகரான்:
அண்ணாச்சி சொல்வது சரி. எங்கள் தூத்துக்குடிக் கடற்கரையில் கியூ பிரிவு போலீசார் பீடி இலை மூட்டைகளைப் பிடிக்காத மாதம் உண்டா? அக்கரை இலங்கையில் வாங்க ஆள் இல்லாமலா பைபர் படகில் ஏற்றுகிறார்கள்? தூத்துக்குடி இலைக்கு அங்கே அத்தனை மவுசு.

மருதமுத்து:
தூத்துக்குடியில் எந்தக் காட்டில் ஐயா பீடி இலை பறிக்கிறார்கள்? அது மத்தியப் பிரதேசம், சத்தீஸ்கர், ஒடிசா காடுகளிலிருந்து வருவது. இதுகூடத் தெரியாமல் சாட்சி சொல்ல வந்துவிட்டார். மூட்டை கடல் தாண்டுவது இலை இறக்குமதிக்கு அங்கே வரி இருப்பதால். சிகரெட் வரிக்கும் அதற்கும் என்ன சம்பந்தம்?

முத்துநகரான்:
தூத்துக்குடியிலிருந்து போகும் இலை என்றேன். விளைகிறது என்றா சொன்னேன்? படிக்கத் தெரிந்தால் சரி.

கணக்குப்பிள்ளை:
ஆக, வரியைத் தப்பிக்கத்தான் கடத்துகிறார்கள் என்று நீரே ஒப்புக்கொண்டுவிட்டீர்! நேற்றுப் பூச்சாண்டி, இன்று மூட்டை. பீடி குடிப்பவன் இல்லாமலா இலை போகிறது? 50 ரூபாய்ச் சிகரெட்டை விட்டவன்தான் அந்தக் குடிப்பவன். மண்ணெண்ணெய் மானிய விவாதத்திலும் இப்படித்தான் பாதியில் நழுவினீர்.

மருதமுத்து:
நழுவவில்லை, மகள் திருமணத்துக்குப் போனேன். கள்ளச் சிகரெட் பெருகிவிட்டது என்று எல்லா நாட்டிலும் முதலில் அலறுவது கம்பெனிதான். நீங்கள் அதற்குச் சம்பளமில்லாத குமாஸ்தா.

வழிப்போக்கன்:
பையன்கள் புதிதாகத் தொடங்காமல் இருப்பதைப் பற்றி யாராவது பேசுவீர்களா?

கணக்குப்பிள்ளை:
நடுவில் வராதீர்கள், தம்பி. குமாஸ்தாவா நான்? நாற்பது வருடம் மளிகைக்கடைப் பேரேடு எழுதிய கை இது. பீடியைச் சேர்த்து எண்ணினீரா, இல்லையா? 50 ரூபாய்!